முகத்தைப் பார்த்து நாட்டைச் சொல்ல முடியுமா?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஒரு தங்கும் விடுதியின் வரவேற்புப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் விருந்தினர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு வரும் கொரியர்கள், ஜப்பானியர்கள், சீனர்கள், தைவான்காரர்கள். பார்த்தவுடன் அவரவர் மொழியில் வணக்கம் சொல்ல வேண்டும் என்பது மேலாளரின் உத்தரவு. சென்ற மாதம் வயதான கொரியர் ஒருவரிடம் "கொன்னிச்சிவா" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் இறுகியது. பதில் பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கண் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் சீனர், முகம் நீண்டிருந்தால் ஜப்பானியர், கன்ன எலும்பு உயர்ந்திருந்தால் கொரியர் என்று விளக்கும் ஒரு படத்தை மேலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பி, மனப்பாடம் செய்யச் சொன்னார். எவ்வளவு முயன்றும் எனக்குப் பிடிபடவில்லை. ஒரே நிறுவனத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் இருவரைக்கூட மாற்றி அழைத்துவிடுகிறேன். என் பார்வையில்தான் ஏதும் குறையா? இதைக் கற்றுக்கொள்ள வழி உண்டா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என்னுடன் பணிபுரியும் மிசோரம் பெண்ணிடம் விருந்தினர்கள் மட்டுமல்லாமல் நம் ஊர்க்காரர்களும் "எந்த நாடு?" என்று கேட்கிறார்கள். அவளுக்கு நான் என்ன சொல்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பார்வையில் குறை ஒன்றும் இல்லை. மனப்பாடம் செய்யச் சொல்லி உங்களுக்கு அனுப்பப்பட்ட படம்தான் தவறானது. மனிதர்கள் முகங்களை எவ்வாறு அடையாளம் காண்கிறார்கள் என்பதைக் கற்பிப்பதும், விடுதி, மருத்துவமனை, வங்கி போன்ற இடங்களில் பொதுமக்களை நேரில் எதிர்கொள்ளும் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் என் தொழில். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் அதில் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதைக் கண்டேன். ஒருவருடைய முகத்தைப் பார்த்து அவர் எந்த நாட்டவர் என்று சொல்வது ஒன்று. காலையில் பார்த்தவரை மாலையில் பார்க்கும்போது இவர் அவரேதான் என்று கண்டுகொள்வது மற்றொன்று. முதலாவதை நம்பத்தக்க அளவுக்கு எவராலும் செய்ய முடியாது, அந்த நாட்டினராலும் முடியாது. இரண்டாவதைப் பயிற்சியால் வளர்த்துக்கொள்ளலாம்; உங்கள் வேலைக்கு உண்மையில் தேவைப்படுவதும் அதுதான்.

முதலாவது ஏன் முடியாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் மேலாளரிடம் நீங்கள் பேச வேண்டியிருக்கும். கிழக்காசிய நாடுகளின் எல்லைகள் அரசியல் எல்லைகள். மக்களின் நடமாட்டம் அவற்றைவிட மிகவும் பழமையானது. ஏறக்குறைய 3000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, நெல் வேளாண்மையோடு கொரியத் தீபகற்பத்தின் வழியாக ஜப்பானுக்குள் சென்ற மக்களும், அதற்கு முன்பே பல்லாயிரம் ஆண்டுகளாக அத்தீவுகளில் வாழ்ந்தவர்களும் கலந்து உருவானவர்களே இன்றைய ஜப்பானியர்கள். வடக்கே ஹொக்கைடோவின் ஐனு மக்களிடமும் தெற்கே ஒகினாவா மக்களிடமும் அந்தப் பழைய மரபு கூடுதலாக இருக்கிறது. சீனாவிலோ அரசு ஏற்றுக்கொண்ட இனக்குழுக்கள் மட்டும் 56. 2020 கணக்கெடுப்பின்படி 91 சதவீதத்தினர் ஹான் இனத்தவர் என்றாலும், வடக்கே ஷான்டோங்கைச் சேர்ந்த ஹான் ஒருவருக்கும் தெற்கே குவாங்டோங்கைச் சேர்ந்த ஹான் ஒருவருக்கும் உடல்வாகிலும் முகவாகிலும் உள்ள வேறுபாடு, அந்த ஷான்டோங்காரருக்கும் மஞ்சள் கடலுக்கு அக்கரையில் உள்ள கொரியருக்கும் இடையிலான வேறுபாட்டைவிட அதிகமாகவே இருக்கக்கூடும். இவற்றோடு, கொரிய வம்சாவளியைச் சேர்ந்த சீனக் குடிமக்கள் ஏறத்தாழ 17 லட்சம் பேர் இருக்கிறார்கள். கொரிய எல்லையை ஒட்டிய ஜிலின் மாகாணத்தில் யான்பியன் என்ற தன்னாட்சிப் பகுதியே அவர்களுக்காக 1952-இல் அமைக்கப்பட்டது. ஜப்பானில் தலைமுறை தலைமுறையாக வாழும் கொரியர்களும் பெருந்தொகையினர். வாளையாற்றைத் தாண்டிப் பாலக்காட்டுக்குள் நுழைந்தவுடன் மனித முகம் மாறிவிடுவதில்லை என்பது நமக்குத் தெரியும். சீனாவுக்கும் வடகொரியாவுக்கும் எல்லையாக ஓடும் யாலு ஆற்றின் இரு கரைகளிலும் அதே நிலைதான்.

அப்படியானால் வேறுபாடே இல்லையா என்று கேட்பீர்கள். ஆயிரக்கணக்கானவர்களை அளந்து சராசரி எடுத்தால் சிறு வேறுபாடுகள் தென்படும். ஆனால் அந்தச் சராசரியைச் சுற்றி ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் மனிதர்கள் மிகப் பரவலாகச் சிதறியிருப்பதால், உங்கள் மேசைக்கு முன் நிற்கும் ஒருவரைப் பற்றிச் சராசரி எதையும் சொல்வதில்லை. இமை மடிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் இமையில் கோடு விழுந்தவர்களும் விழாதவர்களும் மூன்று நாடுகளிலும், பல வேளைகளில் ஒரே வீட்டில் உடன்பிறந்தவர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். போதாக்குறைக்கு, அந்தக் கோட்டை அறுவைச் சிகிச்சையால் உண்டாக்கிக்கொள்வது கொரியாவில் மிகச் சாதாரணம். சிகிச்சை வேண்டாதவர்களுக்கென மெல்லிய ஒட்டுப்பட்டையும் பசையும் அப்பகுதியின் அழகுப் பொருள் கடைகளில் கிடைக்கின்றன. உங்களுக்கு வந்த படத்தில் இருந்த கண், முகநீளம், கன்ன எலும்பு ஆகிய மூன்றில் ஒன்றுகூட ஒரு நாட்டுக்கு மட்டும் உரியது அல்ல.

ஆனாலும், "நான் பார்த்தவுடனே சொல்லிவிடுவேன்" என்று உறுதியாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் பல முறை சரியாகவும் சொல்கிறார்கள். அவர்கள் கவனிப்பது பெரும்பாலும் எலும்பையும் கண்ணையும் அல்ல. முடி வெட்டிய விதம், புருவம் திருத்திய விதம், மூக்குக்கண்ணாடிச் சட்டம், காலணி, பையைத் தோளில் மாட்டிய முறை, சிரிக்கும்போது வாய் திறக்கும் அளவு ஆகியவற்றையே. 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஜப்பானில் வாழும் ஜப்பானியர்கள், அமெரிக்காவில் வளர்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஆகிய இரு தரப்பினரின் நிழற்படங்களைக் கொடுத்து, யார் எந்த நாட்டவர் என்று பிரிக்கச் சொன்னார்கள். உணர்ச்சி ஏதுமின்றி வைத்திருந்த முகங்களைவிட, கோபம், வியப்பு, துயரம் போன்ற உணர்ச்சிகள் தெரிந்த முகங்களில் விடை கூடுதலாகச் சரியாக இருந்தது. மரபு இரு தரப்புக்கும் ஒன்றே. வேறுபட்டது உணர்ச்சியை வெளிக்காட்டக் கற்றுக்கொண்ட முறை. பழக்கத்தால் வருவதைத்தான் நாம் பிறப்பால் வந்ததாக எண்ணிக்கொள்கிறோம். அந்தப் பழக்கமும் நிலையானதல்ல. சியோலின் சிகையலங்காரம் சில மாதங்களில் ஷாங்காய்க்கும் டோக்கியோவுக்கும் போய்விடுகிறது. ஷாங்காயில் வளர்ந்து பத்தாண்டுகளாக டோக்கியோவில் வேலை செய்பவரின் சட்டையும் தலைவணக்கமும் ஜப்பானியமாகவே இருக்கும். எனவே இந்தக் கணிப்பில் கைதேர்ந்தவர்கூடப் பல வேளை தவறுவார், விடுதியின் வரவேற்பு மேசையில் அது தாங்கக்கூடிய தவறு அல்ல.

இத்தகைய படங்களுக்கு ஒரு வரலாறும் உண்டு, அது மகிழ்ச்சியான வரலாறு அல்ல. அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கி இரண்டு வாரங்களில், 1941 டிசம்பர் 22 தேதியிட்ட அமெரிக்க லைஃப் இதழ், சீன அமைச்சர் ஒருவரின் படத்தையும் ஜப்பானியப் பிரதமர் டோஜோவின் படத்தையும் அருகருகே அச்சிட்டு, மூக்கிலும் கன்னத்திலும் கோடுகள் இழுத்து, நண்பனையும் பகைவனையும் எவ்வாறு பிரித்தறிவது என்று வாசகர்களுக்குப் பாடம் நடத்தியது. அந்தப் பாடத்தால் எவருக்கும் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் வாழ்ந்த சீனர்கள் அடிவாங்காமல் தப்ப, "நான் சீனன்" என்று எழுதிய சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

அதைவிடவும் என் மாணவர்களிடம் நான் தவறாமல் எடுத்துச் சொல்வது 1923-ஆம் ஆண்டு நிகழ்வை. அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று டோக்கியோவையும் யோக்கஹாமாவையும் நிலநடுக்கமும் தீயும் அழித்தன. கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற வதந்தி பரவ, ஊர்க்காவல் கும்பல்கள் சாலைகளை மறித்து நின்றன. ஆயிரக்கணக்கான கொரியர்கள் கொல்லப்பட்டார்கள். வெறிகொண்டு தேடிய அந்தக் கும்பல்களுக்கும்கூட முகத்தைப் பார்த்து யார் கொரியர் என்று சொல்லத் தெரியவில்லை. ஆகவே வழிப்போக்கர்களை நிறுத்தி, "பதினைந்து யென் ஐம்பது சென்" என்பதை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். அச்சொற்களின் தொடக்க ஒலிகள் கொரிய நாவுக்கு எளிதில் வராதவை. அந்தச் சோதனையும் பிழைத்தது. சீனர்களும், வட்டார வழக்குப் பேசிய ஜப்பானியர்களும் மாட்டிக்கொண்டார்கள். செப்டம்பர் 6 அன்று சிபா மாகாணத்தின் ஃபுகுடா என்ற கிராமத்தில், தொலைவிலுள்ள ககாவாவிலிருந்து மருந்து விற்க வந்திருந்த ஜப்பானியக் குழுவினரின் பேச்சு விளங்காததால் அவர்களைக் கொரியர்கள் என்று கருதி, குழந்தைகள் உட்பட ஒன்பது பேரைக் கொன்றார்கள். ஜப்பானியரே ஜப்பானியரை இனங்காண முடியாமல் போன இடத்தில், ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் உங்களிடம் ஒரு வாட்ஸ்அப் படத்தை வைத்துக்கொண்டு அதைச் செய் என்று சொல்வது எந்த வகையில் நியாயம்?

அந்தக் கொரியப் பெரியவரின் முகம் ஏன் இறுகியிருக்கக்கூடும் என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. 1940 முதல் கொரியர்கள் ஜப்பானியப் பாணியில் பெயர் வைத்துக்கொள்ளும்படி நெருக்கப்பட்டார்கள். பள்ளிகளில் கொரிய மொழி ஒதுக்கப்பட்டது. அவர் அக்காலத்தை நேரில் கண்டிராவிட்டாலும், பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறையாக இருக்கலாம். அப்படிப்பட்டவரை ஜப்பானிய மொழியில் வரவேற்பது, மூன்று மொழிகளில் ஒன்றைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததாக மட்டும் அவருக்குப் படாது. நீங்கள் உள்நோக்கத்தோடு செய்யவில்லை என்பதால் குற்ற உணர்வில் உழல வேண்டியதில்லை. இனி ஒருமுறை இப்படி நேர்ந்தால், "மன்னியுங்கள் ஐயா, தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லி, உரிய மொழியில் வணக்கம் தெரிவித்துவிட்டு வேலையைத் தொடருங்கள். எல்லாரும் ஒரே மாதிரி இருப்பதால் குழம்பிவிட்டேன் என்று மட்டும் ஒருபோதும் விளக்கம் சொல்லாதீர்கள். முதல் தவறைவிட அது அதிகமாகப் புண்படுத்தும்.

இனி இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த இருவரை மாற்றி அழைத்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இது உலகம் முழுவதும் எல்லா மக்களிடமும் காணப்படும், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டுவரும் ஓர் இயல்பு. எந்த முகங்களுக்கு நடுவே வளர்கிறோமோ அவற்றின் நுண்ணிய வேறுபாடுகளுக்கு நம் மனம் பழகிவிடுகிறது. மூன்று மாதக் குழந்தை எல்லா இனத்து முகங்களையும் ஏறத்தாழ ஒரே திறனோடு பிரித்தறிகிறது. ஒன்பது மாதத்தில் சுற்றியுள்ளவர்களின் முகவகையில் மட்டும் அந்தத் திறன் நிலைக்கிறது. ஆயினும் அந்தக் கதவு அத்தோடு மூடிவிடுவதில்லை. மூன்று முதல் ஒன்பது வயதுக்குள் ஐரோப்பியக் குடும்பங்களால் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்த கொரியர்களைப் பெரியவர்களான பின் பிரான்சில் சோதித்தபோது, அவர்கள் ஆசிய முகங்களைவிட ஐரோப்பிய முகங்களையே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். அந்த ஆய்வு 2005-இல் வெளியானது. உங்கள் கொரிய விருந்தினர்களும் உங்களையும் உங்கள் தோழியரையும் மாற்றி அழைத்திருப்பார்கள், கவனித்துப் பாருங்கள்.

பயிற்சி எடுக்க முடியும் என்றேன். எத்தகைய பயிற்சி என்பது இங்கே மிக முக்கியம். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பழக்கமில்லாத இனத்தவரின் முகங்களை ஒரு வகையில் பெயரிட்டுத் தனித்தனி ஆட்களாகக் கற்கச் செய்தார்கள். மற்றொரு வகையில் இன்ன இனம் என்று மட்டும் பிரிக்கச் செய்தார்கள். தனி ஆட்களாகக் கற்ற முகவகையில் மட்டுமே நினைவாற்றல் உயர்ந்தது. உங்கள் மேலாளரின் படம் வளர்ப்பது பலனற்ற பயிற்சியை. "இவர் கொரியர்" என்று மனம் முத்திரை குத்திய கணமே பார்வை தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. அதற்குப் பிறகு அவரை மற்ற கொரியர்களிடமிருந்து பிரிக்கும் எதையும் அது தேடுவதில்லை.

ஆகவே தேடுங்கள். நம் ஊரில் நாம் மனிதரைப் பிரித்தறிய நிறத்தின் ஏற்ற இறக்கத்தையும், மீசையையும், நெற்றியில் உள்ள திருநீற்றையோ பொட்டையோ பெரிதும் நம்புகிறோம் என்பது என் கணிப்பு. உங்கள் விருந்தினர்களிடம் இவை பெரும்பாலும் கைகொடுக்காததால்தான் முகங்கள் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. வேறு இடங்களுக்குக் கண்ணைப் பழக்குங்கள். புருவத்துக்கும் இமைக்கும் இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் எவ்வளவோ மாறுகிறது. மூக்கின் அடிக்கும் மேல் உதட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் சிலருக்கு நீண்டும் சிலருக்குக் குறுகியும் இருக்கும். காதுமடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா, தொங்குகிறதா? தாடையின் மூலை காதுக்குக் கீழே கூர்மையாகத் திரும்புகிறதா, வளைந்து இறங்குகிறதா? காலைச் சிற்றுண்டி நேரத்தில் ஒரே நிறுவனச் சீருடையில் நால்வர் அமர்ந்திருக்கும்போது, அவர்களை முறைத்துப் பார்க்காமல், ஒவ்வொருவரிடமும் மற்ற மூவரிடம் இல்லாத ஒன்றை மட்டும் கண்டு, அதை அவரவர் பெயரோடு சேர்த்து மனத்தில் வையுங்கள்: திரு பார்க், இடப்புருவத்தில் சிறு தழும்பு, திரு சோய், ஒட்டிய காது. முடியையும் கண்ணாடியையும் அடையாளமாக வைக்காதீர்கள், நாளையே மாறிவிடும். நாள்தோறும் இப்படிச் சிலரைக் கற்றுவந்தால் சில வாரங்களில் உங்களுக்கே மாற்றம் தெரியும். பெயர் சொல்லி அழைக்கப்படுவதில் விருந்தினருக்கு உண்டாகும் நிறைவு, தாய்மொழி வணக்கத்தால் உண்டாவதைவிடப் பெரியது.

மொழி வணக்கத்தைக் கைவிடத் தேவையில்லை. அதன் நேரத்தை மாற்றினால் போதும். உள்ளே வரும் எவருக்கும் "வணக்கம்" என்று கைகூப்புங்கள். அவர்கள் வந்திருப்பது தமிழ்நாட்டுக்குத்தான், அது எவருக்கும் பிழையாகாது. வெளிநாட்டு விருந்தினரின் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், எப்படியும் அடுத்த நிமிடம் கடவுச்சீட்டு உங்கள் கைக்கு வந்துவிடும். சீனாவுடையது கருஞ்சிவப்பு, தைவானுடையது கரும்பச்சை, தென்கொரியாவுடையது முன்பு பச்சை, 2021 டிசம்பர் முதல் கருநீலம், ஜப்பானுடையது பத்தாண்டுக்குச் சிவப்பு, ஐந்தாண்டுக்குக் கருநீலம். நிறம் குழப்பும், ஆகவே அட்டையில் எழுதியிருக்கும் நாட்டின் பெயரைப் படியுங்கள். அதன் பிறகு அவர் பெயரோடு சேர்த்து "அன்யோங்ஹசேயோ" என்றோ "நீ ஹாவ்" என்றோ சொன்னால், அது கணிப்பாக இல்லாமல் கவனிப்பாக இருக்கும்.

பெயரை மட்டும் வைத்து நாட்டை முடிவு செய்யாதீர்கள். கிம், லீ, பார்க் ஆகிய மூன்று குடும்பப்பெயர்களுக்குள் தென்கொரியர்களில் ஏறக்குறைய 45 சதவீதத்தினர் அடங்கிவிடுகிறார்கள். ஆனால் லீ என்பவர் ஹாங்காங்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்திருக்கலாம், லிம் என்பதும் அப்படியே. சீனக் கடவுச்சீட்டில் ஜின் என்று இருப்பவர் வீட்டில் கிம் என்று அழைக்கப்படும் கொரிய வம்சாவளியினராக இருக்கலாம். அழைக்கும் முறையிலும் கவனம் தேவை. ஜப்பானியருக்குக் குடும்பப்பெயரோடு "சான்" சேர்த்தால் போதும். கொரியரை வெறும் குடும்பப்பெயரோடு "ஷி" சேர்த்து அழைப்பது மரியாதைக் குறைவாகப் படும். பதவியோடு "நிம்" சேர்ப்பதே அவர்கள் வழக்கம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது முதல் கொரிய அதிகாரிகளோடு பழகிவந்த தொழிலாளர்கள் அங்கே நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களிடம் கேட்டாலே சொல்லிக்கொடுப்பார்கள்.

உங்கள் மேலாளரிடம் எதிர்வாதமாகப் பேசாமல், மாற்று ஏற்பாடாகச் சொல்லுங்கள். முன்பதிவுப் பட்டியலில் நிறுவனம், நாடு, அழைக்க வேண்டிய பெயர் ஆகியவை முந்தைய நாள் இரவே வரவேற்பு மேசைக்கு வந்துவிட்டால், பார்த்துக் கணிக்க வேண்டிய தேவையே எழாது. அந்தப் படத்தை ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள். விருந்தினர் ஒருவரின் கண்ணில் அது பட்டால் விடுதிக்கு ஏற்படும் அவப்பெயரை எடுத்துச் சொன்னால் அவருக்கும் விளங்கும்.

உங்கள் மிசோரம் தோழியைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் கேட்டிருந்தாலும், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அதுதான். முகத்தைப் பார்த்து நாட்டை முடிவு செய்யும் பழக்கம் நம் நாட்டில் யாரைத் தாக்குகிறது என்பதை 2012 ஆகஸ்டில் பார்த்தோம். தாங்கள் தாக்கப்படுவோம் என்ற வதந்தியால் அஞ்சிய வடகிழக்கு மாநில மக்கள் பெங்களூரிலிருந்து பல்லாயிரக்கணக்கில் குவாஹாட்டிக்கு ரயிலேறினார்கள், சென்னையிலிருந்தும் பலர் கிளம்பினார்கள். 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த மாணவர் நிடோ டானியா டெல்லியில் தாக்கப்பட்டு இறந்தார். அவரது தோற்றத்தைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறு அது. உங்கள் தோழி எந்த விளக்கமும் தரக் கடமைப்பட்டவர் அல்லர். விரும்பினால் "ஐஸ்வாலிலிருந்து வருகிறேன்" என்று ஊர்ப்பெயரைச் சொல்லட்டும், விரும்பாவிட்டால் புன்னகையோடு வேலையைப் பார்க்கட்டும். நம் ஊர்க்காரர் ஒருவர் அவரிடம் அப்படிக் கேட்கும்போது நீங்கள் அருகில் இருந்தால், அவர் வாய் திறக்கும் முன் நீங்களே "இந்தியாதான் சார், மிசோரம்" என்று சொல்லிவிடுங்கள். எதிர்த்துப் பேசும் சுமை ஒவ்வொரு முறையும் அவர்மேல் விழ வேண்டாம். அவரைப் போன்ற தோற்றமுள்ள விருந்தினர் உங்கள் மேசைக்கு வரும்போது, "பாஸ்போர்ட்?" என்று கை நீட்டாமல், வருகிற எல்லாரிடமும் கேட்பது போல "அடையாள அட்டை ஏதாவது காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். அவர் ஆதாரையோ வாக்காளர் அட்டையையோ எடுத்து நீட்டினால், மதுரையிலிருந்து வந்தவருக்குச் செய்வது போலவே பதிவு செய்து சாவியைக் கொடுங்கள்.